செய்த டிசைனைத் திரும்பிப் பார்ப்பது எப்படி? சீட்டு, சுவர், நூல், கத்தரி: ஒரு முழுமையான வழிகாட்டி

டிசைன் படிக்கும் மாணவர்களிடம் செமஸ்டர் முடிவில் ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்வார்கள்: இந்த ப்ராஜெக்டில் என்ன கற்றுக்கொண்டீர்கள்? சமர்ப்பிப்பதற்கு முந்தைய இரவில் எழுதப்படும் அந்தப் பக்கத்தில் அநேகமாக ஒரே கதைதான் இருக்கும். முதலில் குழப்பமாக இருந்தது, பயனர்களைச் சந்தித்தேன், தெளிவு வந்தது, குழுவாக வேலை செய்யப் பழகினேன். சம்பளத்துக்கு வேலை செய்யும் டிசைனர்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. செய்த வேலைகளைத் தொகுத்துக் காட்டும் போர்ட்ஃபோலியோவில் உள்ள கேஸ் ஸ்டடிகளைப் புரட்டிப் பாருங்கள், எல்லாம் சிக்னல் இல்லாத சாலையில் ஓடி நேராக வெற்றியில் போய் நிற்கும். வேண்டுமென்றே சொன்ன பொய் என்று இதைச் சொல்ல முடியாது. முடிவு தெரிந்த பிறகு நினைத்துப் பார்த்தால் மனசு அப்படித்தான் கோத்துக் கொடுக்கும்.

அதனால் இங்கே சொல்லப்போவது இரண்டு விஷயம். முடிவு தெரிவதற்கு முன்பே தடயம் சேர்க்க வேண்டும். அப்புறம், ஒரு டிசைனர் எதை வைத்து யோசிக்கிறாரோ அதை வைத்தே, அதாவது வரைந்தும் வெட்டியும் ஒட்டியும் அடுக்கியும், திரும்பிப் பார்க்க வேண்டும். கட்டுரை எழுதுவது கடைசியில் வரட்டும், வராமலே போனாலும் பரவாயில்லை.

ஒரே உதாரணத்தைக் கடைசி வரை பிடித்துக்கொள்வோம். மருந்துக் கடையில் மாத்திரை போட்டுத் தரும் சிறிய காகிதக் கவர். மேலே கடையின் பெயர் பெரிதாக இருக்கும். கீழே காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம், சாப்பாட்டுக்கு முன், பின் என்று இரண்டு கட்டம். கடைக்காரர் பால்பாயின்ட் பேனாவால் டிக் அடித்து, ஸ்டேப்ளர் பின் போட்டு நீட்டுவார். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டிக்கும் புரியும்படி இந்தக் கவரை மாற்றித் தரும் வேலை உங்களிடம் வந்திருக்கிறது, ஆறு வாரம் அவகாசம் என்று வைத்துக்கொள்வோம்.

கொஞ்சம் பின்னணி

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த டொனால்ட் ஷான் 1983-ல் எழுதிய நூலைத் தொடாமல் இந்தத் துறையில் யாரும் பேச மாட்டார்கள். கட்டடக் கலைஞர்கள், மனநல சிகிச்சையாளர்கள், நகரத் திட்டமிடுவோர் எல்லோரும் வேலையின் நடுவில் எப்படி யோசிக்கிறார்கள் என்று அதில் பார்த்தார். பெட்ரா என்று பெயரிட்டுச் சொல்லப்படும் மாணவி சரிவான நிலத்தில் ஒரு பள்ளிக்கூடம் வரைகிறாள். கட்டடம் சரிவோடு ஒட்ட மாட்டேன் என்கிறது. ஆசிரியர் குவிஸ்ட் அவளுடைய படத்தின் மேல் ட்ரேசிங் தாளைப் போட்டு, வரைந்துகொண்டே பேசுகிறார். கோட்டைப் போடுவார், அது என்ன சொல்கிறது என்று பார்ப்பார், அதற்கேற்ப அடுத்த கோட்டைப் போடுவார். இப்படி வேலைக்குள்ளேயே நடக்கும் யோசனை ஒன்று, வேலை முடிந்தபின் உட்கார்ந்து யோசிப்பது இன்னொன்று என்று ஷான் பிரித்துக் காட்டினார். முதல் வகை கையோடு மறந்து போகும். கீழே வரும் முதல் இரண்டு படிகள் அதைப் பிடித்து வைக்கத்தான்.

கல்லூரிகளில் அதிகம் புழங்குவது கிரஹாம் கிப்ஸ் 1988-ல் கொடுத்த ஆறு கட்டச் சுழற்சி. என்ன நடந்தது, என்ன உணர்ந்தேன், எது நன்றாக வந்தது, எது வரவில்லை, ஏன், வேறென்ன செய்திருக்கலாம், அடுத்த முறை என்ன செய்வேன் என்று போகும். ஏணி நல்ல ஏணிதான். ஆனால் அதையே அச்சடித்த படிவமாக்கி நிரப்பச் சொன்னால், ஆறு கட்டத்திலும் ஒரே வாக்கியம் வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும். சந்தேகம் இருந்தால், படிப்பில் இதை நிரப்பிப் பழகிய நர்சிங் மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

படி 1: தடயத்துக்கு ஒரு பெட்டி

செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டி போதும். வேலை ஆரம்பிக்கும் அன்றே மேசைக்கடியில் வையுங்கள். வேண்டாம் என்று ஒதுக்கிய ஸ்கெட்ச், கிளையன்ட் பேனாவால் கிறுக்கிக் கொடுத்த ப்ரூஃப், அச்சகத்திலிருந்து வந்த தாள் சாம்பிள், மடித்துப் பார்த்துக் கிழிந்த கவர் எல்லாம் அதற்குள் போக வேண்டும். ஒவ்வொன்றின் பின்பக்கமும் தேதி எழுதுங்கள். வேறு எந்தக் குறிப்பும் இப்போது தேவையில்லை.

கம்ப்யூட்டரில் பழைய ஃபைலின் மேலேயே சேமிக்காதீர்கள். ஃபைனல், ஃபைனல் நியூ, ஃபைனல் லாஸ்ட் என்று பெயர் வைக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, தேதியைப் பெயராக வையுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த கருத்துகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள். நாள் முடிவில் மேசையை ஒழுங்குபடுத்தாமல் மேலிருந்து ஒரு போட்டோ. அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை: மருந்துச் சீட்டு, நோயாளியின் பெயர், அவர் முகம் தெரியும் படம் இதெல்லாம் பெட்டிக்குள் அப்படியே போகக் கூடாது. பெயரை மறைத்துவிட்டு நகல் எடுங்கள். படம் எடுப்பதற்கு முன் அனுமதி கேளுங்கள்.

படி 2: முடிவுச் சீட்டு

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். ஏ4 தாளை நான்காக வெட்டிக் கொஞ்சம் சீட்டுகள் தயார் செய்துகொள்ளுங்கள். முக்கியமான முடிவு எடுக்கும்போதெல்லாம் ஒரு சீட்டில் மூன்று வரி:

எதை முடிவு செய்தேன்.
எதைக் கைவிட்டேன்.
இதனால் என்ன நடக்கும் என்று நினைக்கிறேன்.

உயிர் மூன்றாவது வரியில் இருக்கிறது. நம் உதாரணத்தில் ஒரு சீட்டு இப்படி இருக்கலாம்:

“ஜூன் 12. காலைக்குப் பாதிச் சூரியன், மதியத்துக்கு முழுச் சூரியன், இரவுக்குப் பிறை. கைவிட்டது: கடிகார முகம். எதிர்பார்ப்பு: யாரிடம் காட்டினாலும் கேட்காமலே சொல்லிவிடுவார்கள்.”

அடுத்த வாரம் கவரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறீர்கள். ஒரு அம்மா பாதிச் சூரியனைப் பார்த்துவிட்டு “சாயங்காலமா?” என்கிறார். நியாயம்தானே, எழும் சூரியனும் விழும் சூரியனும் தாளில் ஒன்றுபோலத்தான் இருக்கும். கடைக்காரர் இன்னொன்று சொல்கிறார்: “இது கட்சி நோட்டீஸ் மாதிரி இருக்கே சார்.” இரண்டு மலைக்கு நடுவில் பாதிச் சூரியனை வரைந்துவிட்டு, தமிழ்நாட்டில் அதை வெறும் காலைப்பொழுதாகப் பார்க்கச் சொன்னால் யார் கேட்பார்கள்? தி.மு.க.வின் சின்னம் சுவர் சுவராக வரைந்து கிடக்கும் ஊர் இது.

சீட்டு இல்லையென்றால், பத்து நாள் கழித்து இதைப் பற்றிப் பேசும்போது “எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்தது” என்று சொல்வீர்கள். அதை நீங்களே நம்பவும் செய்வீர்கள். சீட்டு இருந்தால் அந்த வசதி கிடையாது. நம்பிக்கையோடுதான் வரைந்தோம் என்று உங்கள் கையெழுத்தே சொல்லும். அப்போதுதான் உருப்படியான கேள்வி வரும்: எதைப் பார்த்து அவ்வளவு நம்பினேன்? ஸ்கிரீனில், வெள்ளைப் பின்னணியில், படத்தைத் தனியாகப் பார்த்து நம்பினேன். தெருவில் அது எதன் பக்கத்தில் போய் நிற்கும் என்று பார்க்கவில்லை. “ஐகான் வேலைக்கு ஆகாது” என்ற பொதுவான பாடத்தைவிட இந்தப் பாடம் அடுத்த வேலையில் கைகொடுக்கும்.

தினம் ஒரு சீட்டு என்று கணக்கு வைக்காதீர்கள். ஒன்றைக் கைவிடும்போது, பணம் செலவாகும்போது, வெளியாள் ஒருவர் சொல்லி மனம் மாறும்போது, சுத்தமாக முட்டி நிற்கும்போது எழுதினால் போதும்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முந்தைய நாள் மட்டும் ஒரு விசேஷச் சீட்டு. உளவியலாளர் கேரி க்ளைன் 2007-ல் எழுதிப் பரவலான ஒரு பயிற்சி இது: வேலை ஏற்கெனவே தோற்றுவிட்டது என்று வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று எழுதுவது. “தோற்குமா?” என்று கேட்டால் குழுவில் எல்லோரும் தலையை ஆட்டி மறுப்பார்கள். “தோற்றாகிவிட்டது, காரணம் சொல்லுங்கள்” என்றால் அதுவரை வாய் திறக்காத ஜூனியர் முதலில் பேசுவார்.

படி 3: எல்லாவற்றையும் சுவரில் ஏற்றுவது

வேலை முக்கால்வாசி முடிந்ததும் பெட்டியைக் கொட்டுங்கள். தேதி வாரியாக, இடமிருந்து வலமாக, சுவரில் ஒட்டுங்கள். ஹாஸ்டலில் சுவரில் ஒட்டினால் திட்டுவார்கள் என்றால் தரையில் போர்வை விரித்து அடுக்கலாம், கொடியில் கிளிப் போட்டும் மாட்டலாம். ஸ்கிரீனில் செய்யாதீர்கள். பத்தடி தள்ளி நின்று மொத்தத்தையும் ஒரே பார்வையில் பார்ப்பதுதான் இதன் பயனே.

கீழே ஒரு தையல் நூலை ஓட விடுங்கள். உற்சாகமாக இருந்த நாட்களில் மேலே ஏறட்டும், வெறுத்துப்போன நாட்களில் இறங்கட்டும். பிறகு மூன்று நிறத்தில் ஸ்டிக்கர் எடுத்துக்கொள்ளுங்கள். வேலை திசை மாறிய இடத்துக்குப் பச்சை. முட்டி நின்ற இடத்துக்குச் சிவப்பு. இன்னொருவர் சொல்லி மாறிய இடத்துக்கு மஞ்சள். கால் மணி நேரம் யாரும் பேசக் கூடாது.

பார்க்க வேண்டியவை: ஒன்றுமே ஒட்டப்படாத வெற்று இடம் எங்கே இருக்கிறது? ஒரே ஸ்கெட்ச் சின்னச் சின்ன மாற்றத்தோடு எங்கே கும்பலாக நிற்கிறது? நூல் இறங்கிய இடத்துக்குப் பக்கத்தில் பச்சை இருக்கிறதா?

மருந்துக் கவர் சுவரில் என்ன தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டாவது வாரத்தில் பளபளப்பான ஆர்ட் பேப்பர் சாம்பிள் தொங்குகிறது, நிறம் பளிச்சென்று வருகிறது என்று அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். பால்பாயின்ட் பேனாவால் அதன் மேல் டிக் அடித்துப் பார்த்த தடயம் ஐந்தாவது வாரத்தில்தான் வருகிறது. பேனா வழுக்குகிறது, இரண்டாம் முறை அழுத்தினால்தான் மை பிடிக்கிறது, விரல் பட்டால் இழுபடுகிறது. நடுவில் உள்ள மூன்று வாரமும் ஐகான் கோட்டின் தடிமன் இரண்டு பாயின்டா மூன்று பாயின்டா என்று போயிருக்கிறது. மாலை ஏழு மணிக்குக் கவுன்டரில் பத்துப் பேர் நிற்கும்போது அந்தக் கவரில் எழுதப்போகிறவர் கடைக்காரர். சுவரில் அவர் பெயரில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர்கூட இல்லை. பாட்டியை நினைத்துக்கொண்டே வேலை பார்த்ததில், கவரின் இன்னொரு பயனரை விட்டுவிட்டீர்கள். இதை நினைவிலிருந்து எழுதிய எந்தப் பக்கமும் காட்டிக் கொடுத்திருக்காது.

படி 4: பொருளிடம் கேள்வி கேட்பது

அமெரிக்க டிசைனர்களான சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1958-ல் இந்திய அரசுக்கு ஒரு அறிக்கை கொடுத்தார்கள். அதைத் தொடர்ந்துதான் 1961-ல் அகமதாபாதில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவானது. அந்த அறிக்கையில் லோட்டாவைப் பற்றி, அதாவது நம் வீட்டுச் செம்பைப் பற்றி, ஒரு கேள்விப் பட்டியல் வரும். எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும்? ஆணின் கைக்கும் பெண்ணின் கைக்கும் எப்படி? தலையில் தூக்குவார்களா, இடுப்பிலா? நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் சமநிலை என்ன ஆகும்? வேறு பொருளோடு மோதினால் என்ன சத்தம் வரும்? பழசானால் என்ன விலைக்குப் போகும்?

அதேபோல முடிந்த உங்கள் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு முப்பது கேள்வி எழுதுங்கள். பதில் எழுத வேண்டாம். முதல் பத்து சுலபமாக வரும், அதற்குப் பிறகு வருபவைதான் உபயோகம். கவரை எந்தப் பக்கம் கிழிப்பார்கள்? கிழித்தால் கட்டங்களும் சேர்ந்து போகுமா? ஸ்டேப்ளர் பின் எந்த எழுத்தின் மேல் விழும்? மூன்று மாத்திரைக்கு மூன்று கவர் என்றால் இருட்டில் எது எது என்று எப்படித் தெரியும்? ஈரக்கையால் எடுத்தால்? மாத்திரை தீர்ந்த பிறகு அதில் கணக்கு எழுதுவார்களா? வேலையின்போது இதில் எத்தனை கேள்விகள் எழவே இல்லை என்று பக்கத்தில் குறியிடுங்கள்.

படி 5: உங்களையே வரைபடமாக்குவது

தகவல்களைப் படமாக்கும் டிசைனர்கள் இருவர்: ஜார்ஜியா லூபி நியூயார்க்கில் இருந்தார், ஸ்டெஃபனி போசவெக் லண்டனில். 52 வாரம், வாரம் ஒரு விஷயத்தை எண்ணி, அதைக் கையால் வரைந்து, அஞ்சலட்டையில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். எத்தனை முறை நன்றி சொன்னேன், எதற்கெல்லாம் குறைபட்டேன் என்பது போன்ற சின்ன விஷயங்கள். முன்பக்கம் படம், பின்பக்கம் அதை எப்படி வாசிப்பது என்ற விளக்கம். அந்த அட்டைகள் இப்போது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன.

ஒரு வாரம் மட்டும் இதைச் செய்து பாருங்கள். எதை எண்ணுவது? அன்டூ அழுத்தியது. வேலையை நிறுத்திப் போனைத் தொட்டது, தொடுவதற்கு முந்தைய நொடியில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதோடு. மற்றவர் வேலையைப் பார்த்து மனம் மாறியது. பார் சார்ட் போடாதீர்கள், அதை எக்செல் செய்யும். கோடு, புள்ளி, இலை, எது தோன்றுகிறதோ அதில் வரையுங்கள். எந்த வேறுபாட்டுக்கு எந்த நிறம் என்று முடிவு செய்யும்போதே, உங்கள் அன்டூக்களில் பயத்தால் வந்தவை, ருசியால் வந்தவை என்று இரண்டு வகை இருப்பது பிடிபடலாம். அஞ்சலகத்தில் இன்னும் அஞ்சலட்டை கிடைக்கிறது. நண்பருக்கு நிஜமாகவே அனுப்புங்கள், வாட்ஸ்அப்பில் போட்டால் கவனமாக வரைய மாட்டீர்கள்.

படி 6: கவரைப் பேச விடுவது

கூச்சமாக இருக்கும், பரவாயில்லை. மருந்துக் கவரே தன் கதையைச் சொல்வதுபோல் ஒரு பக்கம் எழுதுங்கள். அச்சகத்தில் பிறந்து, கடை டிராயரில் அடுக்கப்பட்டு, ஒரு வீட்டு ஃபிரிட்ஜின் மேல் பத்து நாள் கிடந்து, குப்பைக்குப் போகும் வரை. நெஞ்சைக் கூப்பிட்டுப் பேசுவதும், கிளியையும் மேகத்தையும் தூது விடுவதும் நம் இலக்கியத்தில் பழைய பழக்கம்தான், கவர் பேசுவதில் ஒரு தப்பும் இல்லை. ஒரே விதி: கவர் உங்களைப் புகழக் கூடாது. “என்னைச் செய்தவர் என் முதுகுப் பக்கத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை” என்ற மாதிரி வரி வந்தால் சரியான தடத்தில் போகிறீர்கள்.

எழுத வராதவர்கள் களிமண்ணையோ பேக்கிங் அட்டையையோ எடுத்து, அந்த ஆறு வாரம் எப்படி இருந்தது என்று பத்து நிமிஷத்தில் ஒரு மாடல் செய்யலாம். லீகோ கட்டைகளை வைத்து நிறுவனங்களில் நடத்தும் பட்டறைகளின் சூட்சுமமும் இதுதான்: கேள்வியை ஆளிடம் கேட்காமல் மாடலிடம் கேட்பது. “இந்தப் பாலம் ஏன் பாதியில் நிற்கிறது?” என்றால் யாருக்கும் சுருக்கென்று படாது.

படி 7: இரண்டு பேர், ஒரு மணி நேரம்

ப்ராஜெக்டில் இல்லாத ஒருவரைச் சுவருக்கு முன்னால் கூட்டி வாருங்கள். அவர் கேள்வி மட்டும் கேட்க வேண்டும். பாராட்டு கூடாது, யோசனை கூடாது. நல்ல கேள்விகள் மொட்டையாக இருக்கும்: “இதுக்கும் இதுக்கும் நடுவுல என்ன ஆச்சு?” “இதை யார் சொன்னாங்க?” “இது பிடிச்சிருந்துதா, இல்ல நேரமில்லாம விட்டுட்டீங்களா?” போனில் குரலைப் பதிவு செய்யுங்கள். பிறகு கேட்கும்போது சொன்ன பதில்களை விட்டுவிட்டு, நீங்கள் தயங்கிய இடங்களையும், வேகமாகப் பேசிக் கடந்த இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜூரியில், அதாவது கல்லூரியில் வேலையை மதிப்பிடுபவர்கள் முன்னால், வாதாடிப் பழகியவர்களுக்கு இந்தப் படி கஷ்டம். அவர்களுக்குத்தான் அதிகம் பலன்.

படி 8: படத்தின் மேல் குறிப்பு

முடிந்த வேலையின் நல்ல போட்டோ ஒன்றை ஏ3 தாளில் பிரின்ட் எடுத்து, பென்சிலால் சுற்றிலும் குறிப்பு எழுதுங்கள். டிசைன் ஆய்வாளர்கள் பில் கேவரும் ஜான் பவர்ஸும் 2012-ல் இதற்கு ஒரு வடிவம் கொடுத்தார்கள். ஒரு பொருளைத் தனியாக விளக்காமல், நாலைந்து பொருட்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவற்றுக்கு நடுவே ஓடும் பொதுவான அக்கறைகளைக் குறிப்புகளாக எழுதுவது. உங்கள் கடந்த மூன்று வேலைகளை இப்படி வைத்துப் பாருங்கள். மருந்துக் கவரிலும், அதற்கு முன் செய்த பஸ் டைம்டேபிளிலும், கல்யாணப் பத்திரிகையிலும் ஓரத்தில் தாராளமாக வெற்றிடம் விட்டு, நடுவில் எழுத்தைச் சின்னதாக்கியிருக்கிறீர்களா? அது உங்கள் ருசி. அந்த ருசி பத்திரிகைக்குப் பொருந்தியது, கவருக்குப் பொருந்தவில்லை.

படி 9: அடுத்த வேலைக்குச் சீட்டுக்கட்டு

இசைக்கலைஞர் பிரையன் ஈனோவும் ஓவியர் பீட்டர் ஷ்மிட்டும் 1975-ல் ஒரு சீட்டுக்கட்டு வெளியிட்டார்கள். வேலை முட்டி நிற்கும்போது ஒன்றை உருவி, அதில் உள்ள யோசனைப்படி நடந்து பார்க்க வேண்டும். ரெடிமேட் கட்டு வாங்குவதைவிட உங்கள் சுவரிலிருந்தே செய்துகொள்வது நல்லது. ஒவ்வொரு சிவப்பு ஸ்டிக்கருக்கும் ஒரு சீட்டு, ஒரே வரி, கட்டளை வடிவில்: “இதில் யார் எழுதப்போகிறார்கள்? அவர்கள் பேனாவை வாங்கி எழுதிப் பார்.” “சின்னத்தைச் சுவரொட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்.” “கிழித்துப் பார்.” ஒரு ப்ராஜெக்டுக்கு ஐந்து சீட்டுக்கு மேல் வேண்டாம். “பயனரைப் புரிந்துகொள்” மாதிரி எந்த வேலைக்கும் பொருந்தும் வரி வந்தால் கிழித்துப் போடுங்கள்.

எவ்வளவு நேரம் ஆகும்?

முதல் இரண்டு படியும் வேலையோடு வேலையாக, நாளைக்கு ஐந்து நிமிஷம். சுவருக்கு ஒரு அரை நாள் ஒதுக்குங்கள். நான்கு முதல் ஆறு வரை எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கதை சொல்ல வருபவர்கள் ஆறையும், எண்ணிக்கை பிடித்தவர்கள் ஐந்தையும் எடுப்பார்கள். அடுத்த ப்ராஜெக்டில் மாற்றி எடுத்துப் பாருங்கள். ஃப்ரீலான்ஸாக வேலை செய்பவர்கள் கிளையன்டிடம் கடைசி பில் அனுப்புவதற்கு முன்பே சுவரைச் செய்துவிட வேண்டும். பணம் வந்த பிறகு பெட்டியைத் திறக்க யாருக்கும் மனசு வராது.

கற்பிப்பவர்களுக்கு

திரும்பிப் பார்ப்பதற்கு மதிப்பெண் போட்டால் மாணவர்கள் நடிக்கத் தொடங்குவார்கள். அழகான தோல்வி ஒன்றும், அதிலிருந்து மீண்ட கதை ஒன்றும் தயாராக வரும். போட்டுத்தான் ஆக வேண்டும் என்று பல்கலைக்கழக விதி சொன்னால், தடயத்துக்குப் போடுங்கள்: பெட்டியில் தேதி இருக்கிறதா, சீட்டில் மூன்றாவது வரி நிரம்பியிருக்கிறதா, சுவரில் வெற்று இடத்தை வெற்றாகவே விட்டிருக்கிறார்களா. எதிர்பார்ப்பு பலித்ததா இல்லையா என்பதற்கு மதிப்பெண் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். முதல் முறை செய்யும்போது ஆசிரியரும் தன் பாடத்திட்டத்துக்கு ஒரு சுவர் ஒட்டட்டும். எந்த வாரம் வகுப்பு தூங்கியது என்று மாணவர்களே ஸ்டிக்கர் வைப்பார்கள்.